வேறு மெஷினில் பார்த்த பொருத்தம்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிளார்க் சார். மலையாளி. சர்க்கார் ஆபீஸில் வேலை. சாயங்காலமானால் கம்ப்யூட்டர் பைத்தியம். அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

அவள். பக்கத்து டெலிபோன் பூத்தில் இருப்பவள். ஜெராக்ஸும் எடுப்பாள்.

நான். ஜாதகக் கடையில் டைப் அடிப்பவன். படிப்பு எட்டாம் கிளாஸ். அதிலும் பாதிதான்.

முதலாளி இல்லை. சாப்பிட்டுவிட்டு அக்ரஹாரத்து வீட்டில் படுக்கப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

கடை கிழக்கேகோட்டையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே போகிற சந்தில். ஒரே அறை. கம்ப்யூட்டர் ஜாதகம், கல்யாணப் பொருத்தம், தமிழிலும் மலையாளத்திலும். நான் தென்காசிப் பக்கம். திருவனந்தபுரத்துக்கு ஹோட்டல் வேலைக்கு வந்தவன். ஹோட்டலில் பில் அடிக்கிற மெஷினில் உட்கார்ந்து விரல் பழகியது. முதலாளி அங்கே காப்பி குடிக்க வருவார். என் விரலைப் பார்த்தார். கூப்பிட்டார். வந்துவிட்டேன்.

ஜோசியம் எனக்குத் தெரியாது. பேர், பிறந்த தேதி, நேரம், ஊர் அடிக்க வேண்டும். பட்டனைத் தட்டினால் மெஷின் சொல்லும். நான் பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுப்பேன்.

அவளுக்கும் எனக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று எழுதத் தெரியவில்லை. பூத்தில் சில்லறை இல்லாவிட்டால் இங்கே வருவாள். கடையில் பேப்பர் தீர்ந்தால் நான் அங்கே போவேன். பேப்பர் அடிக்கடி தீர்ந்தது.

அவளுடைய அப்பாவிடம் நேரே போய்க் கேட்டேன். சாலைக் கடைத்தெருவில் அப்பளம், வடகம் வியாபாரம். பூர்வீகம் நாகர்கோவில். அவர் என் படிப்பைக் கேட்கவில்லை. சம்பளத்தைக் கேட்டார், சரி என்றார். குலம் கேட்டார், சரி என்றார். பிறகு ஒன்று சொன்னார்.

"பத்துப் பொருத்தத்துல ஆறு இருக்கணும், தம்பி. அதுல ரஜ்ஜு கட்டாயம். ஆறு இருந்தா நாளைக்கே. அஞ்சுன்னா என் வாசல்ல நிக்காதீங்க."

எங்கள் கடையிலேயே பார்த்தோம். அவள் கார்த்திகை. நான் விசாகம், நாலாம் பாதம். மூன்று வந்தது. ரஜ்ஜு இல்லை.

மறுபடி தட்டினேன். மூன்று. மலையாளத்தில் மாற்றித் தட்டினேன். மலையாளத்திலும் மூன்றுதான்.

அதற்குப் பிறகும் பேப்பர் தீர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். ஏழு பொருத்தம். அந்த ஏழையும் நான்தான் பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பழைய கம்ப்யூட்டர் செத்தது. இரண்டாயிரம் தாண்டி மூன்று நாலு வருஷம் இருக்கும். அதில் இருந்த விண்டோஸ் யாரோ காப்பி அடித்துப் போட்டது. மாசம் ஒரு வைரஸ். கடைசியாக வந்தது எல்லாவற்றையும் தின்றுவிட்டது. முதலாளி புது மெஷின் வாங்கினார். அசல் விண்டோஸ் என்ன விலை என்று விசாரித்தார். சொன்னார்கள். சேரைத் தேடி உட்கார்ந்தார்.

கிளார்க் சார் அவர் மகளுக்கு ஜாதகம் பார்க்க வந்து பழக்கமானவர். லினக்ஸ் என்று ஒன்று உண்டு, காசு வேண்டாம், வைரஸ் வராது, தானே போட்டுத் தருகிறேன் என்றார். ஓசியில் வாங்குவது தர்மமா என்று முதலாளி கேட்டார். சார் நெஞ்சில் கை வைத்து, "சாமி, இது தர்மம் தன்னே" என்றார்.

ஒரு சங்கடம். எங்கள் ஜாதக சிடி விண்டோஸுக்கென்று செய்தது. அதை முதலாளி முழுக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். அதுதான் கடை. அது ஓடாவிட்டால் முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியது, நான் ஹோட்டலுக்குப் போக வேண்டியது.

சார் பயப்படவில்லை. அதற்கு ஒரு வழி உண்டு என்றார். லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸ் மாதிரி ஒரு வேஷம் போட்டுக் காட்ட வேண்டும். ஜாதக புரோகிராம் வந்ததும் சி டிரைவ் எங்கே என்று கேட்கும். ஒரு ஃபோல்டருக்கு சி என்று பேர் வைத்து, இதோ என்று காட்ட வேண்டும். எழுத்து எங்கே என்று கேட்கும். இன்னொரு ஃபோல்டரைக் காட்ட வேண்டும். அது கடைசிவரைக்கும் தன் வீட்டில்தான் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். புகுந்த வீட்டில் பெண்ணுக்கு அவள் அம்மா வீட்டுச் சாமானையே சுற்றி அடுக்கி வைக்கிற மாதிரி என்றார். இந்த வேலையைச் செய்கிற புரோகிராமின் பேர் ஒயின் என்றார். முதலாளி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இந்தப் பேரைக் கடைக்கு வெளியே சொல்லாதேயும் என்றார்.

தினம் சாயங்காலம் சார் வந்தார். முதல் நாள் புரோகிராம் திறந்தது, வெள்ளையாக ஒரு திரை வந்தது, மூடிக்கொண்டது. அடுத்த நாள் திறந்து நின்றது. ஆனால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அதற்கடுத்த நாள் கட்டம் போய்க் கேள்விக்குறி வந்தது. பன்னிரண்டு ராசியிலும் ஒன்பது கிரகமும் கேள்விக்குறியாக உட்கார்ந்திருந்தன. இதைத்தான் எல்லா ஜோசியனும் மறைக்கிறான் என்று சார் சொல்லிச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் சார் வந்தவுடன் தமிழ் எழுத்து ஃபைலை எங்கிருந்தோ கொண்டுவந்து உள்ளே போட்டார். தட்டினார். திறந்தது. பிள்ளையார் படம் வந்தது. கீழே தமிழ். ஒவ்வொரு எழுத்தும் சரி. பிரிண்டர் கர்ரென்றது.

சார் சேரிலிருந்து எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டு ஆடினார். நான் ஆடவில்லை. அவர் பிடி விடாததால் கூடவே நகர்ந்தேன். ஒரு சேர் விழுந்தது. சத்தம் கேட்டு அவள் பூத்திலிருந்து வந்தாள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் எதை மாற்றினாலும், ரிப்பன் மாற்றினால்கூட, முதலில் அடிப்பது முதலாளியின் ஜாதகம். அவருக்கு அது தலைகீழ்ப் பாடம். ஒரு கிரகம் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். அது ஒத்து வந்த பிறகுதான் மற்றவர்களுடையது.

நான் அதைச் சொன்னேன்.

"சாமி எழுந்து வர நாலு மணி ஆகும்," என்றாள் அவள். "அதுக்குள்ள நம்மளதைப் போடுங்க. சும்மா பாப்போம்."

சார் என்னைப் பார்த்தார். நான் அடித்தேன். இரண்டு பேர் தேதியும் நேரமும் எனக்கு மனப்பாடம். ஊர் அவளுக்குத் திருவனந்தபுரம், எனக்குத் தென்காசி. தட்டினேன்.

ஆறு.

ரஜ்ஜு உண்டு.

மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். அவள் கார்த்திகை இல்லை, ரோகிணி. நான் விசாகம் இல்லை, அனுஷம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். முந்தானை வாயில் இருந்தது.

நட்சத்திரம் எப்படி மாறும் என்று நான் கேட்டேன். பழைய மெஷினில் வைரஸ் இருந்ததல்லவா என்றார் சார். வைரஸ் தின்ற மெஷின் ஒழுங்காகக் கணக்குப் போடுமா என்றார். இது சுத்தமான மெஷின். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இத்தனை நாள் ஒரு வைரஸ் எங்களைப் பிரித்து வைத்திருந்தது என்று நினைத்தேன். காது சூடாகிவிட்டது.

"அச்சடிங்க," என்றாள்.

அடித்தேன். பிரிண்டரிலிருந்து பேப்பர் முழுசாக வெளியே வருவதற்குள் கிழித்தாள். பூத்தில் ஒருத்தர் துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. சார் வாசலில் நின்று கை தட்டினார். துபாய்க்காரர் போனை வைத்துவிட்டு எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். போங்க சார் என்றேன். கடையில் தண்ணிப் பானை இருந்தது. அதிலிருந்து குடித்தேன், மேலெல்லாம் ஊற்றிக்கொண்டேன்.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். சட்டை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டார். புரோகிராம் ஓடுகிறது என்றேன். சந்தோஷம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய ஜாதகத்தை அடித்தேன்.

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். பார்த்தார்.

"ஏண்டா, எனக்கு மீன லக்னமாம்."

நான் அடித்த தேதியை மறுபடி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

"அம்பத்தெட்டு வருஷமா தனுசு லக்னம். தூங்கி எழுந்துண்டு வரதுக்குள்ள மீனம் ஆயிடுமா? இதை ஆத்துல சொன்னா அவ சிரிப்பா."

சார் பக்கத்தில் வந்தார். பைத்தியம் என்றாலும் கெட்டிக்காரர். ஜாதகத்தைப் பார்க்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே சின்னதாக மணி பத்தரை என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு.

"அய்யோ," என்றார். "இது லண்டன் சமயமாணு. ஊர் மாத்த ஞான் மறந்து போயி."

லினக்ஸ் போடும்போது எந்த ஊர் நேரம் என்று கேட்கும். சார் அதை அப்படியே விட்டுவிட்டார். அது லண்டன் மணியில் நின்றது. ஜாதக புரோகிராம், பாவம், தன் வீட்டில்தான் இருப்பதாக நினைத்து, சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தை நம்பியது. நாங்கள் அடித்த நேரத்தையெல்லாம் லண்டன் நேரமாக எடுத்துக்கொண்டது. ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். அதற்குள் சந்திரன் நகர்ந்துவிட்டது. முதலாளியும் நகர்ந்துவிட்டார்.

நானும் அவளும் நகர்ந்திருக்கிறோம் என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்துக்கொண்டிருக்கும்போதே சந்தில் ஆட்டோ சத்தம்.

அவள் அப்பா. அவள் அம்மா. அவள். நெற்றியில் மூன்று பேருக்கும் சந்தனம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறார்கள். அப்பா சாக்கில் வாங்கி உடைத்திருக்கிறார். மிச்சம் இரண்டு முழுத்தேங்காய் அவர் கையில். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். தேங்காய் முதுகில் இடித்தது. மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என்றார். அவள் எல்லோருக்கும் பிரசாத உண்ணியப்பம் கொடுத்தாள். முதலாளிக்கும் ஒன்று. அவர் ஒன்றும் புரியாமல் கடித்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டார்.

ஆறு வந்ததைச் சொன்னார்கள். பேப்பரைக் காட்டினார்கள்.

முதலாளி பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மென்று முழுங்கினார்.

நான்தான் சொன்னேன். மணி தப்பு, இது லண்டன் கணக்கு என்று. வேறு வார்த்தை வரவில்லை.

சார் அதற்குள் ஊரை மாற்றிவிட்டார். மூலையில் மணி நாலேகால் ஆகிவிட்டது. மறுபடி போடுடா என்றார் முதலாளி. அவருடையதை முதலில் போட்டேன். தனுசு லக்னம். நிம்மதியாக மூச்சு விட்டார். எங்களுடையதைப் போட்டேன்.

மூன்று.

அவள் அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு தேங்காயையும் மடியில் வைத்துக்கொண்டார். அவள் மிச்ச உண்ணியப்பத்தைப் பொட்டலமாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

சார் தாங்க மாட்டாமல் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அவள் அப்பாவின் மடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். இது பூமி என்றார். குடுமிப் பக்கம் லண்டன் என்றார். கரண்ட் போனால் அடிக்க நான் வைத்திருக்கிற டார்ச்சை வாங்கி அடித்துக் காட்டினார். இங்கே வெளிச்சம் வரும்போது அங்கே இன்னும் விடியவில்லை. அதனால் ஒவ்வொரு ஊரிலும் மணி வேறே. அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அவள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாரே, எனக்கு மணி படிச்சுத் தர வேண்டாம். பதினோரு வருஷம் மஸ்கட்டுல ஹோட்டல்ல சோறு வடிச்சவன் நான். அங்க அஞ்சு மணின்னா இங்க ஆறரை. ஊருக்குப் போன் போடணும்னா அந்தக் கணக்குப் பாத்துல்லா போடுவோம்."

தேங்காயைப் பிடுங்கிக்கொண்டார்.

அவள் அம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் அவரோடு அங்கே இருந்தவர். மெதுவாகச் சொன்னார்.

"இவ பொறந்தன்னைக்கும் அப்படித்தான். நர்ஸு அஞ்சேகால்னு சொன்னா. நீங்க ஊருக்குப் போன் போட்டப்போ இங்க விளக்கு வச்சாச்சுன்னு சொன்னாங்கல்ல."

முதலாளி எழுந்தார். உண்ணியப்பம் மேஜையில் விழுந்தது.

"இவ எங்க பொறந்தா?"

"மஸ்கட்டுலதான்," என்றார் அவள் அப்பா.

"ஊர்னு கேட்டதுக்கு என்ன சொன்னேள்?"

"திருவனந்தபுரம். நமக்கு ஊரு இதுதானே. அங்க வேலைக்குல்லா போனோம்."

"நேரம்?"

"அஞ்சேகால். நர்ஸு சொன்னது."

முதலாளி தலையில் கை வைத்தார். மஸ்கட்டுக் கடிகாரத்தில் அஞ்சேகால். அதைத் திருவனந்தபுரத்து அஞ்சேகால் என்று இருபத்துநாலு வருஷமாக எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் முதல் ஜாதகம் எழுதியவர் எழுதினார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் எழுதினார். நான் அடித்தேன். கேட்டவர்கள் எல்லோரும் ஊர் எது என்றுதான் கேட்டோம். அவள் அப்பா வீடு இருக்கிற ஊரைத்தான் சொன்னார். எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் பிறந்தது அம்மா ஊரில், தென்காசியிலிருந்து நாலு மைல். தென்காசி என்றுதான் அடித்தேன். அது பரவாயில்லை.

"அப்ப நான் கார்த்திகை இல்லையா?" என்றாள் அவள்.

அம்மா பக்கம் திரும்பினாள்.

"வருஷா வருஷம் கார்த்திகைக்குப் பாயசம் வச்சீங்க. யாரு பிறந்தநாளுக்கு நான் குடிச்சேன்?"

சார் முதலில் சிரித்தார். பிறகு முதலாளி. அவள் அம்மா சேலையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து என் சேருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எடே தம்பி, மஸ்கட் அதுல உண்டா?"

உண்டு. இந்த ஊரில் விற்கிற ஜாதக சிடியில் வளைகுடா இல்லாமல் இருக்குமா? துபாய் இருந்தது, தோஹா இருந்தது. மஸ்கட் வரைக்கும் இறங்கினேன். நம் ஊர்களுக்குத்தான் மெஷினின் மணி, வெளிநாட்டு ஊருக்கு அதனதன் மணிக்கணக்கு சிடியிலேயே உண்டு. சார் என் தோள் வழியாக எட்டி, மூலையில் மணி சரிதானா என்று ஒருமுறை பார்த்தார். சுவரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றும் ஒன்று. முதலாளி தன் ஜாதகத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். தனுசு. சரி என்றார்.

அவள் தேதி. அஞ்சேகால். மஸ்கட்.

ரோகிணி என்று வந்தது.

என்னுடையதில் ஒன்றும் மாறவில்லை. விசாகம், நாலாம் பாதம். பொருத்தம் என்கிற பட்டனில் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் என் கைக்கு மேல் கையை வைத்து அமுக்கினாள். அவள் அப்பா பார்த்தார்.

திரையில் பார்க்க மாட்டேன், பேப்பரில்தான் பார்ப்பேன் என்றார் அவர். பிரிண்டருக்குக் கொடுத்தேன். அது ஒவ்வொரு வரியாக அடித்தது. தினம் உண்டு. கணம் உண்டு. மகேந்திரம் உண்டு. அவர் குனிந்து ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். வசியம் இல்லை என்று வந்தபோது விரல் நின்றது. ரஜ்ஜு உண்டு என்று வந்ததும் தேங்காயை என் மடியில் வைத்துவிட்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார், கடைசி வரியை நீயே படி என்றார்.

படித்தேன்.

எட்டு.